சோலைமலை அண்ணன் கட்டிய துணிக்காக்கை

கருமாதியன்று அங்கே இருந்தவர்கள் இவர்கள். சோலைமலை அண்ணனின் மனைவி பாக்கியம் மதினி. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகன் சிவநேசன். நோட்டன் பிரிட்ஜில் வாழ்க்கைப்பட்ட மகள் கோமதி, அவள் புருஷன். வட்டகொடையிலிருந்து காலை ரயிலில் வந்த, சோலைமலை அண்ணனுக்குக் கூடப்பிறந்த மூத்தவர் சன்னாசி அண்ணன். கோயில் பண்டாரம் பெருமாள். டவுனில் பழக்கடை வைத்திருக்கும் ஹனீபா நானா. எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே ஏறாமல் வாசலிலேயே தொப்பியோடு நின்றார். சிங்களவரான பங்களா மேனேஜர் சுனில் மாத்தயா. ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள், கீழ் லயத்து ஆட்கள். பிறகு பக்கத்துக் காம்பரா வீட்டு முத்தாயி, அதாவது நான்.

பெயர்களை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு வராதவர்கள்தான் இன்றைக்கு அதிகம் பேசுகிறார்கள். சோலைமலையின் கருமாதிச் சோற்றை எடுக்க வந்த காக்கையை முத்தாயி கைதட்டி விரட்டிவிட்டாள் என்று தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சாம். கைதட்டியது உண்மை. காக்கை வந்தது பொய். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலரில் அண்ணனைப் பற்றி எழுதித் தரும்படி கோமதி கேட்டாள். மூன்றாம் வகுப்போடு என்னைக் கொழுந்துக்கு அனுப்பிவிட்டார்கள். எழுத்து அவ்வளவுதான். ஞாபகம் அப்படியில்லை. அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். ஒரு எழுத்து கூட்டியோ குறைத்தோ எழுதினால் என்னை வந்து கேளுங்கள்.

அண்ணன் போன செய்தி எனக்கு நல்ல வாழைப்பழமாக வந்தது.

அவர் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவர் தினம் தீனி வைக்கிற குருவிகளுக்குப் பழம் வாங்கப் போனது நான்தான். ஹனீபா நானா கடையில் அடிபட்ட பழம், தோல் கறுத்த பழம், பாதி அழுகிய பப்பாளி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி அண்ணனுக்கென்று எடுத்து வைப்பார். அன்றைக்கும் போய் நின்றேன். நானா போனில் யாருடனோ பேசிவிட்டுத் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டி வைத்திருந்த பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேலே தொங்கிய குலையிலிருந்து நல்ல மஞ்சள் பழமாக அறுத்துப் பையில் போட ஆரம்பித்தார். "குருவிக்கு எதுக்கு நானா நல்ல பழம்? கறுத்ததே போதும்" என்று சொன்னேன். அவர் இன்னொரு சீப்பையும் அறுத்துப் போட்டார். பையை என் கையில் கொடுக்கும்போதுதான், "வீட்டுக்குப் போங்க உம்மா, அங்க ஆள் வரும், கூட்டம் வரும்" என்றார். பழம் குருவிக்கு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பழத்தைத் தூக்கிக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறினேன் என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இல்லாத ஒன்று.

சோலைமலை அண்ணன் கூடப்பிறந்தவர் அல்ல. ஒரே லயம், ஒரே சுவர். அவர் இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் போகும். இளவயதில் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், பிறகு பங்களாவில் தோட்டக்காரராகப் போனார். பழைய துரை பங்களாவை வெளியூர் ஆட்கள் வந்து தங்குகிற இடமாக மாற்றிய காலம் அது. வருகிறவர்கள் காலையில் தேநீர்க் கோப்பையோடு புல்வெளியில் உட்கார்ந்து குருவி பார்க்க ஆசைப்படுவார்களாம். அதற்காக ஒரு கம்பம் நட்டு, மேலே பலகை வைத்து, பழம் வைக்கச் சொன்னார்கள். அண்ணன் முதல் நாள் வேலை முடிந்து வந்து லயத்து வாசலில் நின்று சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பிள்ளைங்களுக்கு வாங்கிக் குடுக்காத பழத்தக் குருவிக்கு வெட்டி வச்சிட்டு வாறேன் அத்த" என்று என் மாமியாரிடம் சொன்னார். என் மாமியாரும் அவரைச் சாடினாள். அவளுக்கு எதைச் சொன்னாலும் சாடல்தான், அதையும் நான் மறக்கவில்லை.

சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவர் சிரிப்பை விட்டுவிட்டார். குருவி அவரைப் பிடித்துக்கொண்டது. கொண்டைக்குருவி எந்த நேரம் வரும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சின்னப் பச்சைக் குருவிகள் எப்படிக் கூட்டமாக வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும், சிங்களத்தில் கொட்டோருவா என்கிற அந்தத் தடித்த மூக்குப் பறவை எப்படிப் பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்த் தனியாகத் தின்னும் என்று தினம் ஒரு கதை. பாக்கியம் மதினி, "வீட்டுல ரெண்டு புள்ளைக இருக்கு, அதுக என்ன தின்னுச்சுன்னு ஒரு நாளாச்சும் சொன்னீங்களா" என்று கேட்பாள். அண்ணன் உடனே பிள்ளைகள் தின்றதையும் சொல்வார். சரியாகத்தான் சொல்வார். அதனால் அவள் கோபம் நிற்க இடமில்லாமல் போய்விடும்.

வேலை முடிந்து ஓய்வு பெற்றதும் காம்பராவுக்கு முன்னால் மரக்கறி போடுகிற துண்டு நிலத்தில் தனக்கென்று ஒரு கம்பம் நட்டார். பழைய தேயிலைப் பெட்டியின் பலகையை மேலே அடித்தார். எலி ஏறாமல் கம்பத்தைச் சுற்றி எண்ணெய் டின்னை வெட்டிக் கவிழ்த்தார். கொய்யா மரத்தில் சிரட்டைகளைக் கம்பி கட்டித் தொங்கவிட்டார். கொஞ்ச நாளில் பங்களாவுக்கு வந்த குருவியெல்லாம் இங்கே வர ஆரம்பித்தது. ஒருநாள் சுனில் மாத்தயாவே ஏறி வந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "சோலமல, குருவி எல்லாம் உங்க வீட்லதானே. பங்களாவுக்கு ஒண்ணும் வர்றதில்ல. கெஸ்ட் எல்லாம் கேக்கிறாங்க." அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "நான் ஒண்ணும் கூட்டிட்டு வரல மாத்தயா. நான் ரிட்டயர் ஆனேன். அதுகளும் எங்கூடச் சேர்ந்து ரிட்டயர் ஆயிருச்சு போல." மாத்தயாவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. எங்கள் லயம் ஒரு வாரம் சிரித்தது.

இனி காக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பலகை வைத்ததும் முதலில் வந்தது காக்கை. ஒன்று வந்து ஊரைக் கூப்பிடும். கூட்டமாக இறங்கிப் பழத்தைக் கொத்திச் சிதறடித்துவிட்டுப் போகும். சின்னக் குருவிகள் மின்சாரக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அண்ணனால் அதைத் தாங்க முடியவில்லை. கிழிந்த கறுப்புக் குடை ஒன்றின் துணியை வெட்டி, உள்ளே தேயிலைத் தூசியை அடைத்துத் தைத்து, காக்கை மாதிரியே ஒன்று செய்தார். இறக்கை, மூக்கு, எல்லாம். அதைக் கொய்யா மரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். செத்த காக்கை தொங்குகிறது என்று நினைத்து மற்றக் காக்கைகள் கிட்டவே வராது. அது பத்தாதென்று காலையில் பழம் வைத்தவுடன் இரண்டு முறை கைதட்டுவார். சத்தம் பாறையில் அடித்துத் திரும்பும். சவுக்கு மரத்தில் இருக்கிற காக்கைகள் எழுந்து கீழ்ப் பள்ளத்துக்குப் போய்விடும். நாள் போகப்போக அந்த இரண்டு தட்டல் குருவிகளுக்குச் சாப்பாட்டு மணியாகிவிட்டது. அண்ணன் தட்டினால் காக்கை போகும், குருவி வரும்.

காக்கையை விரட்டுவது பாவம் என்று லயத்தில் சொல்லாத ஆள் இல்லை. செத்தவர்கள் காக்கையாகத்தான் வருகிறார்கள் என்று பண்டாரமே வந்து சொன்னார். அண்ணன் ஒன்றுதான் சொல்வார்: "காக்காவுக்கு ஊர் முழுக்க வீடு இருக்கு சாமி. விரதம்னா அதுக்குச் சோறு, அமாவாசைன்னா அதுக்குச் சோறு. இதுகள யாரு வான்னு கூப்பிட்டா?"

அப்படிச் சொன்னவரின் தாயும் அந்த வீட்டில்தான் செத்தாள். அந்த அம்மாவின் முதல் திவசத்துக்கு சன்னாசி அண்ணன் வட்டகொடையிலிருந்து வந்து, தாய் வாழ்ந்த வீட்டில்தான் படைக்க வேண்டும் என்று இங்கேயே இலை போட்டார். கூரையில் சோறு வைத்து, கா கா என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். காக்கை சவுக்கு மரத்தில் இருந்தது. இறங்கவில்லை. துணிக்காக்கையைச் சோலைமலை அண்ணன் கழற்றி வைத்திருந்தார்தான். ஆனால் அந்த இடமே காக்கைக்குப் பயமாகிப்போயிருந்தது. கடைசியில் சோற்றை மாட்டுக்கு வைத்தார்கள். சன்னாசி அண்ணன் அன்றைக்குத் தம்பியோடு பேசுவதை நிறுத்தினார். கல்யாணம் சாவு என்றால் வருவார், ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். தாயைப் பட்டினி போட்டவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று ரயில்வே ஸ்டேஷனில் வைத்து என்னிடமே சொன்னார். மனிதருக்கு உண்மையான வலி. இதை நான் மறைக்கவில்லை.

அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கட்டியது போன மழையில். ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தார்கள். பாக்கியம் மதினி வெளியே பிளேன்டீ வாங்கப் போயிருந்தாள். அவருக்கு மூச்சு ஒரு சொல்லுக்கு ஒரு முறை வாங்கியது. என்னைப் பார்த்ததும் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பழம் வைக்கிறியா" என்றார். வைக்கிறேன் என்றேன். "கைதட்டுறியா" என்றார். சும்மா தலையை ஆட்டினேன். அது அவருக்குப் போதவில்லை.

"தட்ட மறந்துறாத முத்தாயி. தட்டலைன்னா அதுக எறங்காது. கம்பியில ஒக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும்."

மறக்க மாட்டேன் அண்ணே என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். வேறு யாருக்கும் நான் வாக்குக் கொடுத்ததில்லை. என் புருஷனுக்குக்கூட.

கருமாதியன்று காலையிலிருந்தே மேகம் மலையில் உட்கார்ந்திருந்தது. ஆற்றங்கரைச் சடங்கு முடித்து வந்து, சோறு, பருப்பு, மரக்கறி, வடை, பாயாசம், அவருக்குப் பிடித்த தேங்காய் ரொட்டி எல்லாவற்றையும் இலையில் வைத்தார்கள். முதலில் தகரக் கூரைமேல் வைத்துப் பண்டாரம் கூப்பிட்டார். காக்கைகள் சவுக்கு மரத்தில் இருந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்தன. வரவில்லை. கூரை வேண்டாம், அவர் கையால் வைத்த இடத்திலேயே வைப்போம் என்று இலையை எடுத்துக் குருவிப் பலகையில் வைத்தார்கள். பக்கத்தில் கொய்யா மரத்தில் துணிக்காக்கை ஆடிக்கொண்டிருந்தது. சாவு வீட்டு அவசரத்தில் அதை யாரும் நினைக்கவில்லை. நான்தான் சொன்னேன், அதைக் கழற்றுங்கள் என்று. சிவநேசன் கையை நீட்டினான். இஸ்தோப்புத் திண்ணையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த பாக்கியம் மதினி எழுந்து நின்றாள்.

"தொடாத. அது ஒங்கப்பா கட்டுனது."

அவள் குரலைக் கேட்டு மகன் கையை இழுத்துக்கொண்டான். அதன்பிறகு அந்த முடிச்சில் கை வைக்க யாருக்குத் தைரியம் வரும்?

காக்கை எடுக்காவிட்டால் செத்தவருக்கு மனக்குறை என்று அர்த்தம். மனக்குறையைத் தீர்ப்பதாக உயிரோடு இருக்கிறவர்கள் வாய்விட்டு வாக்குக் கொடுக்க வேண்டும். அது நம் வழக்கம். ஆளுக்கு ஆள் முன்னால் வந்தார்கள். சிவநேசன் அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். "நான் எப்ப வர்றேன்னு சொன்னேன்" என்று மதினி அந்த நிலையிலும் கேட்டாள். மருமகன், இனிமேல் குடிப்பதில்லை என்றான். கோமதி திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் காக்கைக்கே நம்பிக்கை போயிருக்கும். என்ன நடக்கிறது என்று சுனில் மாத்தயா ஹனீபா நானாவிடம் சிங்களத்தில் கேட்டார். நானா விளக்கினார்.  மாத்தயா வாழைச் சீப்போடு பலகைக்கு முன்னால் போய் நின்று, "சோலமல, குருவி எல்லாம் நீங்களே வச்சிக்கோங்க. பங்களாவுக்கு வேணாம்" என்றார். கருமாதி வீட்டில் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். குருவியைக் கேட்டு ஏறி வந்த அந்த மனிதர்மேல் எனக்கு வருஷக்கணக்காக இருந்த கோபம் அந்த இடத்தில் தீர்ந்தது.

சன்னாசி அண்ணனையும் சொல்லச் சொன்னார்கள். அவர் மதிலில் சாய்ந்தபடி இருந்தார். "நான் எதுக்குச் சொல்லணும்" என்றார். அவ்வளவுதான்.

மத்தியானம் தாண்டியது. சோற்றை எடுக்காமல் யாரும் சாப்பிடக்கூடாது. பிள்ளைகள் பசியில் அழுதன. மூடுபனி இறங்கிச் சவுக்கு மரத்தை மறைத்துக்கொண்டு வந்தது. பண்டாரத்தின் தொண்டை அடைத்துவிட்டது.  பாக்கியம் மதினியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. கிட்டே போய்க் கேட்டேன். "என்னமோ கோவம் அவங்களுக்கு. என்னன்னு தெரியலயே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்ப அதையே. ஒரு தப்பும் செய்யாதவள், அவரோடு வாழ்ந்த காலம் முழுவதையும் துழாவித் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது? பலகைக்குப் பக்கத்தில் போனேன். அண்ணன் தட்டுகிற மாதிரியே, உள்ளங்கையைக் குழித்து, இரண்டு முறை தட்டினேன். சத்தம் பாறையில் அடித்துத் திரும்பி வந்தது. சவுக்கு மரத்துக் காக்கைகள் எழுந்து பனிக்குள் போய்விட்டன. கூட்டத்தில் பெரிய சலசலப்பு. "கெழவிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா" என்று ஒருத்தி கேட்டாள். யாரென்று தெரியும், இப்போது வேண்டாம்.

முதலில் ஒரு கொண்டைக்குருவி வந்தது. கம்பியில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தது. பிறகு பலகையில் இறங்கிச் சோற்றைக் கொத்தியது. இன்னொன்று வந்தது. வெள்ளை வளையக் குருவிகள் கூட்டமாக வந்து பாயாசத்தில் கிடந்த பழத்தில் விழுந்தன. சாவு வந்த நாளிலிருந்து தப்பு மேளச் சத்தமும் கூட்டமுமாக இருந்ததால் குருவிகள் அந்தப் பக்கமே வரவில்லை. அன்றைக்குத்தான் திரும்பி வந்தன.  ஹனீபா நானா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"வந்துட்டாங்க" என்றாள் பாக்கியம் மதினி.

அழவில்லை. முகத்தில் இருந்த கட்டெல்லாம் அவிழ்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, "கோமதி, எனக்கு ஒரு வாய் சோறு போடு" என்று கேட்டாள். அண்ணன் போனதிலிருந்து அவளாக வாய் திறந்து சோறு கேட்டது அதுதான் முதல் தடவை. கோமதி ஓடிப்போய்த் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். மதினி பிசைந்து ஒரு கவளம் உருட்டிக் கையில் எடுத்தாள்.

அப்போது ஒரு குரல் சொன்னது.

"பாக்கியம், அது குருவி. எந்தம்பி வரல. அம்மா எப்படி வெறும் வயித்தோட போச்சோ, அவனும் அப்படித்தான் போறான்."

மதினி கவளத்தைத் தட்டில் வைத்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. சோறு காய்ந்த கையோடு விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். குருவிகள் இலையைச் சுத்தமாகத் தின்றுவிட்டுப் போயிருந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இப்படி நடந்ததைத்தான் முத்தாயி காக்கையை விரட்டினாள் என்கிறார்கள்.

அன்றிலிருந்து தினம் மத்தியானம் பாக்கியம் மதினி தட்டில் சோறு எடுத்துக்கொண்டு போய்ப் பலகையில் வைக்கிறாள். கா கா என்று கூப்பிடுகிறாள். அவளுக்குக் கூப்பிடத் தெரியாது. அந்த வீட்டில் காக்கையைக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லை. காக்கை வராது. துணிக்காக்கை தொங்குகிற மரத்துக்குக் கீழே எந்தக் காக்கை வரும்? அதைக் கழற்றவும் விடமாட்டாள். அவர் கையால் போட்ட முடிச்சு என்று மரத்தையே காவல் காக்கிறாள். காக்கை எடுக்காததால் அவளும் சாப்பிடுவதில்லை. பொழுது சாய்ந்தபிறகு, முப்பத்தோராம் நாள்வரை இங்கேயே தங்கியிருக்கிற கோமதி கெஞ்சினால் ஒரு துண்டு ரொட்டியைத் தேநீரில் நனைத்து விழுங்குவாள். கழுத்து எலும்பு தெரிகிறது.

லயத்துக் கக்கூசுக்குப் பின்னால் காக்கைகள் சாதாரணமாக இறங்கும். ஒருநாள் அவள் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனேன். சோற்றைக் கல்லில் வைத்த உடனே ஒரு காக்கை வந்து தூக்கிக்கொண்டு போனது. பார்த்தாயா என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"அது யார் வீட்டுக் காக்காவோ முத்தாயி. அவங்க வந்தா வீட்டுக்குத்தான வருவாங்க."

 பண்டாரத்திடம் கேட்டேன், ஏதாவது பரிகாரம் உண்டா என்று. திவசத்துக்குப் பார்க்கலாம் என்றார். சிவநேசனைப் போனில் கூப்பிட்டேன். லீவு கிடைக்கவில்லை என்று அழுகிறான். வட்டகொடைக்கு ஆள் அனுப்பினேன், சொன்ன வாயாலேயே வந்து ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று. வரவில்லை. நடந்ததைத்தானே சொன்னேன் என்று பதில் வந்தது.

சோலைமலை அண்ணன் எனக்கு விட்டுப்போனது ஒரு பொருளும் இல்லை. இரண்டு கைதட்டல்தான். அது என் கையில் இருக்கிறது. காலையில் ஹனீபா நானாவின் கறுத்த பழத்தை வெட்டிப் பலகையில் வைக்கிறேன். குருவிகள் கம்பியில் வந்து உட்கார்ந்துவிடும். உள்ளங்கையைக் குழித்துக் கையைத் தூக்குவேன். அந்த நேரம் பார்த்து இஸ்தோப்பில் மதினி வந்து நிற்பாள். கண் சவுக்கு மரத்தில் இருக்கும். இன்றைக்காவது ஒரு காக்கை கொஞ்சம் கிட்டே வருமா என்று பார்ப்பாள். நான் தட்டினால் அவை எழுந்து பள்ளத்துக்குப் போய்விடும், அவளுக்கு இன்னும் ஒரு நாள் பட்டினி. தட்டாவிட்டால், செத்தவர் கையைப் பிடித்துக் கொடுத்த வாக்கு போகும். குருவிகளும் எத்தனை நாள் கம்பியில் உட்கார்ந்து பார்க்கும்? ஒருநாள் வேறு எங்காவது போய்விடும். இந்தப் பக்கம் அவர் கண், அந்தப் பக்கம் இவள் கண். தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். இன்று காலையும் அப்படித்தான் வந்தேன். பழம் பலகையிலேயே இருக்கிறது.

பங்களாக்காரர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. வராத சிவநேசனை அவன் வேலைக்காகப் பொறுத்துக்கொள்கிறேன். என்னைக் கிறுக்கு என்றவளும் கூட்டத்தில் ஒருத்தி, போகட்டும். அந்தச் சொல்லைச் சொன்னவரும் அன்றைக்கு அழுதார், அது எனக்குத் தெரியும். தாய்க்காக இத்தனை வருஷம் வலித்தவர் என்பதும் தெரியும். வயதில் என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் இதுவரை எழுதியிருக்கிறேன், இனி எழுத மாட்டேன். தாய் பட்டினி போனாள் என்று நெஞ்சடைக்கத் தெரிந்த மனிதனுக்கு, வாய்க்குப் போன கவளத்தை ஒருத்தி தட்டில் திருப்பி வைப்பதைப் பார்க்க எப்படி முடிந்தது? நான் உயிரோடு இருக்கும்வரை மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் சன்னாசி.